பாளையங்கோட்டை முதல் சிகாகோ வரை: வாசலுக்கு வாசல் ஒரு கணக்கு

திருநெல்வேலிக்கும் சிகாகோவுக்கும் நடுவே ஏறக்குறைய 14,190 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் எங்கும் நிற்காமல் பறந்தால் பதினாறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும் விடை இது. கணக்கில் பிழை கிடையாது. ஆனால் அப்படி ஒரு விமானமும் கிடையாது. மகளின் பேறுகாலத்துக்குக் கிளம்புகிற நம்மூர் அம்மாக்கள் எத்தனையோ பேர் இந்தப் பதினாறு மணியைக் காதில் வாங்கிக்கொண்டு, ஒரு ராத்திரி கண்ணை மூடினால் விடிந்துவிடும் என்று நினைத்துப் பயணம் வைக்கிறார்கள். அவர்கள் வாசலிலிருந்து மகள் வாசலுக்குப் போய்ச்சேர முப்பத்திரண்டு மணி நேரம் ஆகிறது. மீதிப் பதினாறு மணி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நெடுங்காலம் பாளையங்கோட்டையில் புவியியல் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாருக்கும் டீச்சர்தான். எதிர்வீட்டு மதினியின் மகள் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறாள். செப்டம்பரில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். இப்போது தாய்வீடே பெட்டி கட்டிக்கொண்டு மகளைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. அண்ணன் கார் பருவ நெல் அறுவடையை விட்டுவிட்டு நகர முடியாது. ஆகவே ஆகஸ்டில் மதினி தனியாகத்தான் போகவேண்டும். மதுரைக்கு அப்பால் தனியாகப் போய்ப் பழக்கமில்லாதவர். விசா கிடைத்த அன்று மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வழியாக, டீச்சர், போவார்கள்?" என்பதுதான். எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. வழி தெரிந்தால் மனசு அடங்கிவிடும் என்ற அந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"அரபு நாடு, அதைத் தாண்டி ஆப்பிரிக்கா, அப்புறம் பெரிய கடல், அதற்கு அந்தப் பக்கம் அமெரிக்கா. இப்படித்தானே?" என்றார். சுவரில் மாட்டுகிற தட்டைப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். அந்தப் படத்தின் மூலவடிவத்தை மெர்காட்டர் 1569-ல் மாலுமிகளுக்காக வரைந்தார். திசைகாட்டியை வைத்துக் கப்பல் ஓட்ட அது அருமையான படம். ஆனால் வடக்கே போகப்போக நிலத்தை ஊதிப் பெரிதாக்கிவிடும். அதில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போலப் பதினான்கு மடங்கு. அந்தப் படத்தின்மேல் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டால், சுருக்கமான வழி என்று தோன்றுவது உண்மையில் சுற்றுவழியாக இருக்கும்.

உள்ளே போய் உலக உருண்டையை எடுத்துவந்தேன். மதினி மடியில் பிச்சிப்பூவைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வாழைநார் பக்கத்தில் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதில் நீளமாக ஒன்றை உருவினேன். ஒரு முனையைத் தென்கோடியில் நம் சீமை இருக்கும் இடத்தில் அவருடைய கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுமுனையைச் சிகாகோ வரை நான் பிடித்துக்கொண்டேன். தளர்வாகப் பிடித்தபோது நார் தொய்ந்து அரபிக்கடல் பக்கம் சரிந்தது. கொஞ்சம் இழுத்தேன், மேலே ஏறியது. இன்னும் இழுத்தேன், இன்னும் ஏறியது. ஒரு தொய்வுமில்லாமல் ஈரநார் உருண்டையோடு ஒட்டி நின்றபோது அது வடதுருவத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தொட்டுக்கொண்டே போனார். நம்மூரிலிருந்து கிளம்பும்போதே மேற்கே போகவில்லை. வடக்கிலிருந்து ஒரு பதினான்கு பாகை மட்டும் மேற்கே சாய்ந்த திசை. அகமத்நகர், உதய்ப்பூர் வட்டாரம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான், ருஷ்யாவின் வடபகுதி, பாரன்ட்ஸ் கடல், பிறகு கிரீன்லாந்தின் பனிப்பாளம், கனடா, அங்கிருந்து கீழே இறங்கினால் சிகாகோ. ஆர்க்டிக் வட்டம் 66.5 பாகையில் இருக்கிறது. இந்தக் கோடு 76 பாகைவரை ஏறி இறங்குகிறது. "ஆப்பிரிக்காவைத் தொடவே இல்லையே!" என்றார் மதினி. உருண்டையின் மையத்தை வைத்து வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தில்தான் இரண்டு ஊருக்கும் குறுக்குவழி அமையும் என்று வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நாரை இழுத்துக் காட்டியது போல அது ஒருபோதும் விளங்கியிருக்காது.

இப்படித் துருவத்தைத் தொட்டுக்கொண்டு போகக் காரணம், சிகாகோ ஏறக்குறைய நமக்கு நேர் மறுபக்கத்துத் தீர்க்கரேகையில் இருப்பது. நாம் கிழக்கே 77.7 பாகை, அது மேற்கே 87.6. மேற்கு நோக்கிப் போனால் 165 பாகை, கிழக்கு நோக்கிப் போனால் 195. அதனால்தான் அந்த ஊருக்கு இரண்டு பக்கமாகவும் ஆட்கள் போயிருக்கிறார்கள். விவேகானந்தர் 1892 டிசம்பரில் கன்னியாகுமரியில் இருந்தார். அடுத்த ஆண்டு மே 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறி, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் என்று கிழக்கே போய், பசிபிக்கைக் கடந்து வான்கூவரில் இறங்கி, ரயிலில் சிகாகோ போய்ச்சேர்ந்தபோது ஜூலை மாதக் கடைசி. பம்பாயிலிருந்தே இரண்டு மாதம். இன்றும் டோக்கியோ வழியாகப் போகிறவர்கள் உண்டு. சென்னையிலிருந்து அந்த வழி 16,500 கிலோமீட்டருக்கு மேல் வரும். மேற்கு வழி அதைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் குறைவு.

உருண்டையைக் கையில் எடுத்தால் எனக்கு ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாக ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்து, நில அளவையைத் தொடங்கினார் ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன். 78-ஆவது தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து வடக்கே அவர் அளந்துகொண்டே இழுத்துப் போன 'பெரிய வில்' என்ற நீண்ட கோடு நம் சீமை வழியாகத்தான் போகிறது. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அவருடைய அரை டன் கோணமானி கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. அதைத் தானே உட்கார்ந்து தட்டிச் சரிசெய்து வேலையைத் தொடர்ந்தார். ஒரு பாகை நிலத்தில் எவ்வளவு நீளம், பூமி எவ்வளவு தட்டை என்பதற்காகப் பட்ட பாடு அது. துருவத்துக்கு 6,357 கிலோமீட்டர் ஆரம், நடுக்கோட்டுக்கு 6,378 என்று இன்று நாம் எளிதாகச் சொல்கிறோம். 14,190 என்ற எண்ணுக்குள் இந்தப் பாடெல்லாம் இருக்கிறது. அந்த எண்ணை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதோடு நின்றுவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இனி மதினியின் பயணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை சென்னைக்காரர். சீட்டு தேடும்போது இயல்பாகவே சென்னையிலிருந்துதான் தேடினார். நம்மூரிலும் இதுதான் பழக்கம். வெளிநாடு என்றாலே சென்னை. ஒரு நாள் இரவு நெல்லை எக்ஸ்பிரசில் ஏறி 650 கிலோமீட்டர் போய், எழும்பூரில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, மறுநாள் நள்ளிரவுக்கு மீனம்பாக்கம் போவார்கள். விமானத்தில் ஏறும்போதே உடம்பில் பாதி தெம்பு போயிருக்கும். இதை நான் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறேன்! மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் ஒரே ஒரு கணக்கைச் சொன்னேன். சென்னையிலிருந்து துபாய் ஏறக்குறைய 2,930 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் 2,950. இரண்டும் ஒன்றுதான். ஆக, மேற்கே போகவேண்டியவர் வடக்கே அறுநூறு கிலோமீட்டர் போய்த் திரும்புவதால் கடலில் ஒரு கிலோமீட்டர்கூட மிச்சமாகவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் 150 கிலோமீட்டர்தான். "இதை நான் யோசிக்கவே இல்லை அத்தை," என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கே திருவனந்தபுரத்திலிருந்து பதிவு செய்துவிட்டார்.

இன்னொன்றும் சொன்னேன். திருவனந்தபுரம் – துபாய் – சிகாகோ என்று இரண்டு துண்டாகக் கூட்டினால் 14,590 வருகிறது. நேர்கோட்டைவிட நானூறு கிலோமீட்டர்தான் கூடுதல், அரை மணி நேரப் பறப்பு. வளைகுடா வழியாகப் போவது ஊரைச் சுற்றுவது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தோகாவும் அபுதாபியும் அதே பக்கந்தான். அபுதாபியில் ஒரு வசதி உண்டு. அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை அங்கேயே முடித்துவிடுவார்கள். சிகாகோவில் இறங்கியதும் உள்நாட்டுப் பயணி போல வெளியே வந்துவிடலாம். இங்கிலீஷில் பதில் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு, நெடும்பயணத்தின் களைப்பில் அந்த வரிசையில் நிற்காமல் இருப்பது பெரிய ஆறுதல். அடுத்த முறை கிளம்புகிறவர்களுக்கு அதையே சொல்வேன்.

திருவனந்தபுரம் 150 கிலோமீட்டர் என்றேன். நேர்கோட்டில் அது 90 கிலோமீட்டர்தான். நடுவில் பொதிகை நிற்கிறது. அகத்தியர் கூடம் 1,868 மீட்டர். தாமிரபரணி பிறக்கும் அந்த மலைத்தொடரைச் சாலை ஊடுருவ முடியாது, அதனால் தெற்கே இறங்கி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. காவல்கிணறு வரை நாற்கர வழியில் கார் பறக்கும். நாகர்கோவில் தாண்டியதும் கதை வேறு. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் சாலை. எழுபது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மொத்தம் மூன்றரை மணி, வழியில் நிறுத்தி ஒரு காபி குடித்தால் நான்கு. சங்குமுகம் கடற்கரையோரம் இருக்கும் அந்த விமான நிலையத்துக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகும். ஆண்டுக்கு இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், மாலையில் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைத்து சுவாமிக்கு வழிவிடுவார்கள். ஐப்பசியில் பயணம் வைப்பவர்கள் அந்த நாளைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

வாகைக்குளத்து விமான நிலையம் நமக்கு அரை மணி நேரத் தொலைவில் இருக்கும்போது திருவனந்தபுரம் எதற்கு என்று கேட்பார்கள். தூத்துக்குடி விமான நிலையம் என்று அழைக்கப்படும் அந்த நிலையத்தில் 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராகி, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டுவிட்டது. பெரிய விமானங்கள் இறங்குவதற்கு நீளம் இருக்கிறது. அங்கிருந்தே நேராக வளைகுடா போகும் நாள் வந்தால் சாலைக்கு நான்கு, விமான நிலையத்தில் காத்திருக்க மூன்று என்று ஆகிற ஏழு மணி நேரம் மூன்றரையாகச் சுருங்கும். அந்த நாளுக்காக நம் சீமை முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது வானம். வானத்தில் சாலை கிடையாது, எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று தோன்றும். தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் முழுவதும் அந்தந்த நாட்டுக்கே உரியது என்று உலக நாடுகள் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. 1944 டிசம்பர் 7. கையெழுத்தான ஊர், சிகாகோ! அதன் முதல் பிரிவே இதுதான். மதினியின் மகள் வாழும் நகரத்தில் எழுதிய அந்தத் தாள்தான் மதினியின் விமானம் எங்கே வளையவேண்டும் என்பதை இன்றும் தீர்மானிக்கிறது. துபாயிலிருந்து சிகாகோவுக்கு நாரை இழுத்தால் அது ஈரான், காக்கேசிய மலைகள், உக்ரைன், பெலாரஸ், பால்டிக் கடல், ஐஸ்லாந்து என்று போகிறது. உக்ரைன் வானம் 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. எனவே கோடு அங்கே வளைந்தாகவேண்டும். டில்லியிலிருந்து சிகாகோவுக்கு நிற்காமல் போகும் விமானம் உண்டே என்று கேட்கலாம். அது 12,000 கிலோமீட்டர், நல்ல வழிதான். ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதற்குப் பிறகு டில்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றவேண்டி வந்தது. அமெரிக்கா போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கவும் நேர்ந்தது. இரண்டு நாட்டுப் பூசலில் முதுகுவலியோடு உட்கார்ந்திருப்பது ஒரு பாட்டி. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அதன்பிறகு காற்று. துபாயிலிருந்து சிகாகோ 11,640 கிலோமீட்டர். போகும்போது பதினைந்தே முக்கால் மணி, வரும்போது பதின்மூன்று மணி சொச்சம். ஒரே விமானம், ஒரே தூரம், ஏன் இரண்டரை மணி வித்தியாசம்? மதினியின் தங்கை மகன் பத்தாவது படிக்கிறான். அவன் ஒரு காரணம் வைத்திருந்தான். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது, ஆகவே மேற்கே போகும் விமானத்துக்கு எதிரே சிகாகோ வந்து சேரவேண்டும், விமானம் அந்தரத்தில் நின்றாலே போதுமே, ஆனால் நேரம் கூடுகிறதே என்று குழம்பிப் போயிருந்தான். நல்ல குழப்பம் அது. நம்மூரில் நிற்கிற நாம் மணிக்கு 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். நம்மோடு காற்றும் போகிறது. காற்றுக்குள் இருக்கும் விமானமும் போகிறது. அதனால் பூமி சுற்றுவதால் மட்டும் யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லை. வித்தியாசத்தை உண்டாக்குவது அந்தக் காற்றே பூமியைவிட வேகமாக ஓடுவதுதான்.

நடுக்கோட்டின் வெப்பத்துக்கும் துருவத்தின் குளிருக்கும் உள்ள வேறுபாடு காற்றைத் தள்ளுகிறது, பூமியின் சுழற்சி அதை வளைக்கிறது. இரண்டும் சேர்ந்து, ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு போல ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் சாதாரணம். குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். வெளியுலகம் கவனிக்கவே இல்லை. 1944-ல் ஜப்பான்மேல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் அகப்பட்ட பிறகுதான் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். ஆடி மாதத்தில் கயத்தாற்றுச் சாலையில் மேற்குப் பார்த்துச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. போகும்போது நெஞ்சு வலிக்கும், திரும்பும்போது மிதிக்காமலே வீடு வந்துவிடும்.

நம் தலைக்கு மேலே இன்னும் விசேஷம். தென்மேற்குப் பருவத்தில் கீழே ஆரல்வாய்மொழியிலும் செங்கோட்டையிலும் கணவாய் வழியாக மேற்குக் காற்று சீறிக்கொண்டு வரும். அதே நாட்களில் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே எதிர்த்திசையில் ஓடும். இந்தக் கிழக்கு ஜெட் காற்றோட்டத்தைப் பற்றி 1958-ல் எழுதி உலகுக்குச் சொன்னவர் பி. கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் அருவிக்கு மேலே இரண்டு காற்றும் ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிரே ஓடிக்கொண்டிருக்கின்றன. பாடப்புத்தகத்தில் அரைப்பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். என் வகுப்புகளில் இதற்கு ஒரு முழுநாள் எடுத்துக்கொள்வேன்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். இதிலும் சிகாகோ குறுக்கிடுகிறது. ஊருக்கு ஒரு மணி என்று அமெரிக்க ரயில்கள் திண்டாடிக்கொண்டிருந்தபோது, 1883 அக்டோபரில் ரயில் நிறுவனங்கள் கூடி நேர மண்டலங்களை முடிவு செய்தது அந்த ஊரில்தான். நவம்பர் 18 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இங்கே ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் வந்தது 1906 ஜனவரி முதல் நாள். நாம் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய ஐந்து பாகை மேற்கே இருப்பதால் பாளையங்கோட்டையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டிப் பத்தொன்பது நிமிடம் சுமாராக ஆகியிருக்கும். சிகாகோ நமக்குக் கோடையில் பத்தரை மணி நேரம் பின்னால், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பதினொன்றரை.

மதினிக்கு ஒரு தாளில் நம் நேரத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தேன். மூன்று ஊர் மணியையும் கலந்து எழுதினால் யாருக்கும் தலை சுற்றும். இரவு ஒன்பதரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். ஒன்றரைக்குள் விமான நிலையம். நாலரைக்கு விமானம் புறப்படும். எட்டே முக்காலுக்கு துபாய். இரண்டரை மணி நேரம் காத்திருப்பு. பதினொன்றேகாலுக்கு அடுத்த விமானம். பதினைந்தே முக்கால் மணி நேரம் கழித்து நம் மணிக்கு மறுநாள் விடிகாலை மூன்று. அப்போது சிகாகோவில் அதே முந்தைய நாள் மாலை நாலரை. குடிநுழைவு வரிசை, பெட்டி, சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்திலிருந்து மகள் வீடு எல்லாவற்றுக்கும் இரண்டரை மணி. நம் மணி ஐந்தரைக்கு மகள் வாசல்.

ஒளிந்திருந்த பதினாறு மணி இப்போது பிடிபட்டுவிட்டது. பொதிகையைச் சுற்றுவதற்கும் மூன்று மணி முன்னதாகப் போய் நிற்பதற்கும் ஏழு. துபாயில் இரண்டரை. எதிர்க்காற்றுக்கும் வானத்து வேலிகளுக்கும் ஓடுபாதையில் ஊர்வதற்குமாக நான்கு. இறங்கிய பிறகு இரண்டரை. இவற்றில் நம் கைக்குள் இருப்பது முதல் ஏழும் நடுவிலுள்ள இரண்டரையுந்தான். நடு இரண்டரையை மேலும் குறைக்க ஆசைப்படக் கூடாது. ஒன்றரை மணி நேர இடைவெளியில் சீட்டு மலிவாகக் கிடைக்கும். முதல் விமானம் முக்கால் மணி தாமதமானால் தனியாகப் போகும் ஒரு பெண், மொழி தெரியாத ஊரில், கிலோமீட்டர் கணக்கில் நீளும் முனையத்தில் ஓடவேண்டியிருக்கும். சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுவிடவேண்டும். "எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார் மதினி. கூட வருகிற ஆள் ஒவ்வொரு வாசலாக அழைத்துப்போய் விடுவார், அதற்காகத்தான் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

பதினைந்தே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது சாதாரண காரியம் அல்ல. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். கொடைக்கானல் ஏழாயிரம் அடி. அந்த மெல்லிய காற்றில், ஈரப்பதம் பத்து, இருபது விழுக்காட்டுக்கு இறங்கிய வறட்சியில், காலை மடக்கிக்கொண்டு ஒரே இடத்தில் இருந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஜன்னலோரம் வேண்டாம், நடைபாதையோர இருக்கையே வாங்குங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அடுத்தவரை எழுப்பக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார். நம்மூர்ப் பெண்களுக்கு அந்தக் கூச்சம் அதிகம். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து கடைசி வரிசைவரை நடக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரைதான் முக்கியம். மதினிக்குச் சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை. பத்தரை மணி நேரம் நீண்டுபோன ஒரு நாளில் எது காலை, எது இரவு? கடிகாரத்தைப் பார்த்துப் போட்டால் குழப்பம் வரும் என்பதால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அவருடைய மருத்துவரிடம் பயண அட்டவணையைக் காட்டினோம். எந்த வேளை மாத்திரையை எந்தச் சாப்பாட்டோடு போடுவது, மகள் வீட்டு நேரத்துக்கு எப்போது மாறுவது என்று அவர் அதே தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். மாத்திரைச் சீட்டும் மாத்திரையும் கைப்பையில் இருக்கவேண்டும், பெட்டியில் போடக் கூடாது. பேறுகால மருந்துப் பொடியும் கருப்பட்டியும் பெட்டிக்குப் போகலாம். சுங்கச் சோதனையில் உணவுப்பொருள் உண்டு என்று உண்மையைச் சொல்லிவிட்டால் தொல்லை இல்லை. பழமும் விதையும் கருவாடும் வேண்டவே வேண்டாம்.

திரும்பும் சீட்டு ஜனவரிக் கடைசியில். அப்போது குளிர்காலத்து ஜெட் காற்றோட்டம் உச்சத்தில் இருக்கும், பின்னாலிருந்து தள்ளும், நேரம் குறையும். அதில் ஒரு விஷயத்தை மட்டும் அண்ணனிடம் நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொன்னேன். சிகாகோவில் திங்கள் இரவு எட்டரைக்கு விமானம் என்றால் இங்கே செவ்வாய் காலை எட்டு மணி. துபாய் வந்து மாறி, திருவனந்தபுரத்தில் இறங்கும்போது புதன் விடிகாலை நாலு மணிக்குச் சற்று முன். சீட்டில் பெரிதாகத் திங்கள் என்றுதான் போட்டிருக்கும். அழைத்துவரக் கார் சொல்லும்போது செவ்வாய் இரவு பத்து மணிக்கே பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினால் போதும் என்று டிரைவரிடம் சொல்லவேண்டும்.